ஊசியில் மாட்டிய வெள்ளை இழை

ஒரு நெற்றிக் காயத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது என் ஊசி முனையில் ஒரு வெள்ளை இழை மாட்டியது. கத்தரியால் நறுக்கி, ரத்தம் தோய்ந்த துணிகளோடு கூடையில் போட்டுவிட்டேன். அது காயத்துக்குள்ளேயே இருந்த சதை நாரா, இல்லை நாங்கள் துடைத்த காஸ் துணியிலிருந்து பிரிந்த நூலா? ஒன்றே முக்கால் வருடமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். ஆனால் அது நார் என்றால், தாக்கியவர் கையில் கத்தி இல்லை. நூல் என்றால், இருந்திருக்கலாம். அந்த ஒன்றைப் பொறுத்துத்தான் ஒருவருடைய வேலை திரும்பக் கிடைப்பதும், நான் நிம்மதியாகத் தூங்குவதும்.

ஆவடிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் ஆறு வருடம் இருந்தேன். போன மாதம் பாரிவாக்கத்துக்கு அருகே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். இப்போது என் வேலை தடுப்பூசியும் கர்ப்பிணிகளும் சர்க்கரை மாத்திரையும்தான். கேஷுவாலிட்டியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இளம் மருத்துவர்கள் நீங்கள் மூன்று பேர் முறை வைத்து உட்காருகிறீர்கள். விடைபெற்ற அன்று "நாலு வார்த்தை பேசுங்க மேடம்" என்று நீங்கள் கேட்டபோது நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நாலு வார்த்தைதான் இது. ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. அந்த நாற்காலியிலிருந்து மட்டும் ஓய்வு.

தையல் போடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. காயத்தைப் பார்ப்பதற்கும் அதற்குப் பெயர் எழுதுவதற்கும் இடையில் ஓர் அரை நிமிடம் இருக்கிறது. அதை நான் எப்படித் தவறவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால். நான் பொறுப்பேற்றுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றியில் துண்டைச் சுருட்டி அழுத்திப் பிடித்தபடி ஒருவர் வந்தார். பெயர் ஏழுமலை, முத்தாபுதுப்பேட்டை, ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். கூடவே அவருடைய நண்பர். சட்டை முழுக்க ரத்தம். நெற்றிக் காயம் எப்போதும் அப்படித்தான் பயமுறுத்தும்.

"டாக்டரம்மா, கத்தியால கீசிட்டான். சேக்காட்டாண்ட சவாரி ஏத்திகினு இருந்தேன். ஃபேக்டரி கேட்டு முன்னாடி வண்டிய நிறுத்தாதன்னான். ரெண்டு நிமிசம் இருய்யான்னேன். ஒரே இழுப்பு!"

"மச்சான், பேசாம இரு. ரத்தம் வாயில பூடும்" என்றார் நண்பர்.

"மூஞ்சி போச்சுன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"உனக்கு ரெண்டு புள்ளைங்க கீதுடா! இன்னும் இன்னா பொண்ணு?"

நாங்கள் எல்லோருமே சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே ஏ.ஆர். என்று நாம் சொல்லும் விபத்துப் பதிவேட்டை இழுத்து எழுதத் தொடங்கினேன். அந்தப் படிவத்தின் வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் பெயர், நேரம், யார் அழைத்து வந்தது. பிறகு, எப்படி நடந்ததாகச் சொல்கிறார். அதற்கும் கீழேதான் காயம். நாமும் அந்த வரிசையிலேயே போகிறோம். 'அடையாளம் தெரிந்த ஒருவர் கத்தியால் தாக்கியதாகச் சொல்கிறார்' என்று எழுதி முடித்த பிறகுதான் துண்டை எடுக்கச் சொன்னேன். என் கண் பார்ப்பதற்கு முன்பே கத்தி என் கையெழுத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. மகளை விட்டிருந்த காப்பகத்திலிருந்து. "மேடம், பாப்பாவுக்கு உடம்பு சுடுது. சிரப் குடுக்கட்டுமா, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" அவளுக்கு அப்போது இரண்டு வயது. காலையில் அவளைத் தூக்கியபோதே கழுத்து கதகதவென்று இருந்தது எனக்குத் தெரியும். வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டு வந்திருந்தேன். சிரப் கொடுக்கச் சொன்னேன். அவள் அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் கம்பெனிக் கூட்டத்தில் இருந்தார், பதில் வரவில்லை.

திரும்பினால், நண்பர் செல்போனைக் காயத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஸ்டேட்டஸ் மேடம். ஊருக்கே தெரியணும்ல?"

"இங்க போட்டோ எடுக்கக் கூடாது. டெலீட் பண்ணுங்க. என் கண் முன்னாடியே பண்ணுங்க."

"டென்சன் ஆவாதீங்க மேடம். இதோ பாருங்க, போச்சு. குப்பைத்தொட்டிலேர்ந்தும் தூக்கிட்டேன். திருப்தியா?"

திருப்தியாகத்தான் இருந்தது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். கழுவாத, தைக்காத அந்தக் காயத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே படத்தை ஒரு மருத்துவர் பக்கத்தில் நின்று அழிக்க வைத்திருக்கிறார். அந்த மருத்துவர் நான்.

இடது புருவத்துக்கு மேலே, நான்கு சென்டிமீட்டர் நீளம், எலும்பு வரை ஆழம். விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது. 'வெட்டுக்காயம்' என்று எழுதினேன்.

உங்களுக்குப் பாடத்தில் படித்த நினைவு இருக்கும். கூர்மையான ஆயுதம் பட்டால் வெட்டுக்காயம். மொண்ணையான பொருள் மோதித் தோல் பிளந்தால் கிழிந்த காயம். பார்த்தாலே தெரியும் என்று நினைப்போம். ஆனால் நெற்றியிலும் தலையிலும் தோலுக்கு அடியில் உடனே எலும்பு. மொண்ணையான அடி விழுந்தாலும் நடுவில் மாட்டிய தோல் நேர்க்கோடாகப் பிளந்துவிடும், கத்தி போட்டது போலவே. காயத்தை விரித்து லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கத்தி எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகும். மொண்ணை அடியில் பிளந்த காயத்தில் இரண்டு கரைக்கும் நடுவே அறுபடாத நார்கள் சில நிற்கும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். லென்ஸ் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது.

கழுவினோம். மரப்பு ஊசி போட்டேன். தைத்தேன். மூன்றாவது தையலில்தான் அந்த இழை மாட்டியது. நறுக்கிவிட்டு நான்காவது தையலுக்குப் போனேன். மனம் முழுக்க என் மகளின் கழுத்துச் சூடு.

மதியம் ஏ.ஆர். நகல் வாங்கக் காவல் நிலையத்திலிருந்து ஏட்டையா வந்தார். நீங்களும் அவரைப் பார்ப்பீர்கள். எப்போதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வருவார். படித்துவிட்டு நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டுன்னு போட்டிருக்கீங்களே மேடம். அந்தாளு டிபன் கேரியரத் தூக்கிக் காட்டறான், இதாலதான் அடிச்சேன்னு. கத்திக்கு நான் எங்க போவேன்?"

"ஆயுதம் தேடறது உங்க வேலை சார். காயம் பாக்கறது என் வேலை."

"அதுவும் சரிதான். நீங்க எழுதினா நான் மாத்தவா முடியும்?" என்று நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பதிலைச் சொன்னதற்காக அன்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். காயம் தைத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. கூடையில் இருந்த துணிகளைக்கூட அதுவரை யாரும் எடுத்துப் போகவில்லை.

ஐந்தாம் நாள் புறநோயாளிப் பிரிவில் டோக்கனோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். சேக்காட்டுல அந்த ஆட்டோக்காரர அடிச்சது எங்க வீட்டுக்காரருதான்." பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் மனைவி. சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. "அடிச்சது தப்புத்தான். இல்லேன்னு சொல்லல. வேலைக்கு நேரமாச்சுங்கற கோவத்துல கையில இருந்த கேரியர வீசிட்டாக. கத்தி ஏது மேடம்? எங்க வீட்டுல காய் நறுக்கறதே அருவாமணையிலதான்."

"இதை நீங்க போலீஸ்கிட்ட..."

"சொல்லியாச்சு. டாக்டர் வெட்டுன்னு எழுதிட்டாகளாம். பெரிய பிரிவாப் போட்டு உள்ள வச்சிட்டாக. நாலு நாளாச்சு. ரெண்டு நாளுக்கு மேல உள்ள இருந்தாலே ஃபேக்டரியில தானா சஸ்பெண்டு. நேத்து ஆர்டர் வந்துருச்சு." சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு எவர்சில்வர் கேரியரை எடுத்தார். அடித்தட்டின் விளிம்பில் ஒரு நசுங்கல்.

"அதையெல்லாம் இங்க வைக்காதீங்க" என்றேன்.

"தொட வேணாம் மேடம். பாத்தா போதும்."

நான் பார்க்கவில்லை. பதிவேட்டில் எழுதியதைத் திருத்தக் கூடாது, நீங்கள் என்னைச் சந்திப்பதே சரியில்லை, எதுவானாலும் நீதிமன்றத்தில் சொல்லுங்கள் என்றேன். மூன்றும் விதிப்படி சரி. அவர் கேரியரைப் பைக்குள் வைத்து, பையின் காதுகளை முடிச்சுப் போட்டார். "உங்களுக்கும் புள்ளை இருக்குமே மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு அன்று மிரட்டல் போலக் கேட்டது. இப்போது அப்படிக் கேட்கவில்லை.

மறுநாள் ஏழுமலை தையல் பிரிக்க வந்தார். காயம் நன்றாக ஆறியிருந்தது. ஸ்கேனில் எலும்பு முறிவு இல்லை, ஆகவே சட்டத்தின் கணக்கில் சாதாரணக் காயம்தான். தையல் பிரித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டேன்: "கத்தியை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பளபளன்னு இன்னாவோ கையில இருந்துச்சு டாக்டரம்மா. சர்ருனு வந்துச்சு, ரத்தம் ஊத்திகிச்சு."

"அப்ப கத்தின்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இன்னா டாக்டரம்மா என்னையே கேக்குறீங்க? வெட்டுக்காயம்னு நீங்கதானே எழுதிகீறீங்க! ஏட்டையா படிச்சிக் காட்னாரு."

இடுக்கியைத் தட்டில் வைத்தேன். அவர் சொன்னார் என்று நான் எழுதினேன். நான் எழுதினேன் என்று அவர் நம்புகிறார். இந்த வட்டத்தில் காயத்தை யார் பார்த்தது?

அப்போதாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லை. அடுத்த வாரம் போலீஸ் காயச் சான்றிதழ் கேட்டபோது, பதிவேட்டைப் பார்த்து அதையே திரும்ப எழுதினேன்: வெட்டுக்காயம், சாதாரணம், கூர்மையான ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம். மாற்றி எழுதினால் யாரோ எனக்குக் காசு கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வருமே என்ற பயம். அந்தப் பெண் டோக்கன் போட்டு வந்தது பதிவில் இருந்தது. நேர்மையாக இருக்க வேண்டும் என்ற கவலையிலேயே தப்பை இரண்டாம் முறை எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பகல், என் மகள் குளித்துவிட்டு ஈரக் காலோடு ஓடினாள். குளியலறை வாசலில் கிரானைட் படி. வழுக்கி, நெற்றி போய் மோதியது. நான் துண்டை விரித்துக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றேன். எட்டவில்லை.

பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் இருந்தவர் உங்கள் வயதுடைய பெண் மருத்துவர். "எப்படிம்மா விழுந்தா? கூட யார் இருந்தாங்க?" என்று ஒரு தரம் கேட்டு, என் கணவரிடம் தனியாக இன்னொரு தரம் கேட்டார். சரியான கேள்விதான். நானும் கேட்டிருப்பேன். என் முகம் எரிந்தது. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். எதையும் எழுதாமல், விளக்கை இழுத்து, லென்ஸை எடுத்து, காயத்தை விரித்துப் பார்த்தார். "நீங்களும் பாருங்க மேடம், உள்ள மண்ணு எதுவும் இல்ல" என்று என்னை அழைத்தார்.

வெளியே கோடு போட்டது போன்ற விளிம்பு. கத்தி என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். உள்ளே, வாழைத்தண்டை ஒடித்தால் இரண்டு துண்டுக்கும் நடுவே இழுபடுமே, அது மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள். என் மகள் அலறிக்கொண்டிருந்தாள். நான் அவள் கைகளைப் பிடித்தபடி வேறொருவருடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். அன்று என்னோடு இருந்த சிஸ்டரிடம் கேட்டேன். "மேடம், ஒரு நாளைக்கு எத்தனை தையலுக்கு நிக்கறேன். நாரா நூலான்னு யாரு பாத்தா? அந்தாளு பொண்ணு கேட்டதுதான் எனக்கு ஞாபகம்" என்றார். தலைமை மருத்துவரிடம் கேட்டேன். "குற்றப்பத்திரிகை போயாச்சும்மா. கோர்ட்ல கேட்டா 'இப்படியும் இருக்கலாம்'னு சொல்லிட்டு வந்துடு. ஏன் போட்டுக் குழப்பிக்கற?" என்றார். கல்லூரியில் தடயவியல் மருத்துவம் எடுத்த பேராசிரியரைப் போனில் பிடித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பார்த்ததைச் சொல். நினைப்பதைச் சொல்லாதே" என்றார். நல்ல பதில். ஆனால் நான் பார்த்தது எது, பிறகு நினைத்துக்கொண்டது எது என்று எனக்கு யார் பிரித்துச் சொல்வார்கள்?

ஆகவே, உங்களுக்கு. துண்டை எடுத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கதையைக் கேளுங்கள். படிவத்தின் வரிசை உங்கள் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. கழுவுவதற்கு முன் நோயாளியின் சம்மதம் வாங்கி, பக்கத்தில் அளவுகோல் வைத்து, மருத்துவமனைப் பதிவுக்காக ஒரு படம் எடுத்துவையுங்கள். உள்ளே பார்க்காமல் வெட்டு என்று எழுதாதீர்கள். விளிம்பு எப்படி, அடிப்பகுதி எப்படி என்று கண்டதை எழுதினாலே போதும், பெயர் பிறகு வரட்டும். காய்ச்சலான குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்த நாளில் பக்கத்தில் இருப்பவரிடம் "நீயும் ஒரு தரம் பார்" என்று சொல்லுங்கள். இதற்கு வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டேன்.

இனி நான் கேட்க வேண்டியது. சம்மன் வந்துவிட்டது. இன்னும் பதினெட்டு நாளில் பூந்தமல்லியில் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அந்தத் தொழிற்சாலை ஊழியர் பிணையில் வெளியே இருக்கிறார். வேலை இன்னும் திரும்பவில்லை. பதிவேட்டில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டு இறங்கினால் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கிழிந்த காயமாகவும் இருக்கலாம் என்று சொன்னால், பிறகு ஏன் இரண்டு முறை வெட்டு என்று எழுதினீர்கள் என்று கேட்பார்கள். அங்கே ஏழுமலையும் நிற்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நெற்றி உண்மையாகவே பிளந்தது, தழும்பு இருக்கிறது. அவருக்கு நடந்ததை நான் குறைத்துவிடவும் கூடாது.

அந்த இழையைப் பற்றிச் சொல்லலாமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் அது தெரிகிறது: ஒரு அரிசி நீளம், வெள்ளை, மூன்றாவது தையல். ஊசியால் இழுத்தபோது உடனே வரவில்லை, லேசாக எதிர்த்தது, அதனால்தான் கத்தரி எடுத்தேன் என்று என் விரல் சொல்கிறது. என் மகள் விழுவதற்கு முன்பும் விரல் இதைச் சொல்லியதா, அவள் விழுந்த பிறகுதான் சொல்லத் தொடங்கியதா, அது எனக்கு நினைவில்லை.

நீங்கள் தினமும் தைக்கிறீர்கள். இந்தப் பதினெட்டு நாளில் காஸ் துணியின் நூல் எப்போதாவது உங்கள் ஊசியில் மாட்டும். மாட்டினால், நறுக்குவதற்கு முன் ஒரு தரம் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெறும் நூலும் அப்படி எதிர்க்கிறதா? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.